முதுகுக்குப் பின்னால் சூரியன்

பஸ் நிலையத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகும் தெருவில், மருந்துக்கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவே ஒண்டிக்கொண்டிருந்தது அந்த ஸ்டுடியோ. முன்பக்கம் ஒரு மேசை, அதன்மேல் கம்ப்யூட்டரும் பிரிண்டரும். சுவரில் ஒரு கண்ணாடி, பக்கத்திலேயே யாரும் எடுத்துக்கொண்டு போய்விடாதபடி நூலில் கட்டித் தொங்கவிட்ட சீப்பு. பின்பக்கம் கறுப்புத் திரை. திரைக்கு அந்தப்புறம் ஒரு ஸ்டூல், அதை முறைத்துப் பார்த்தபடி இரண்டு பெரிய விளக்குகள். இருபத்தாறு வருஷமாக ஸ்டுடியோக்காரர் ஊரில் பாதிப் பேரை அந்த ஸ்டூலில் உட்காரவைத்து எழுப்பிவிட்டிருந்தார்.

"தலையை நேரா வைங்க. தாடையைக் கொஞ்சம் இறக்குங்க. கண்ணை நல்லாத் திறங்க."

இந்த மூன்று வாக்கியங்களைத் தூக்கத்தில்கூட அவர் சொல்வதுண்டு என்று மனைவி போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். எடுத்த படங்களை வெட்டி, கவரில் போட்டு, பெயர் எழுதி அடுக்குவது அவள் வேலை. கத்தரிக்கோல் இல்லாமல் அவள் கையைப் பார்த்தவர்கள் குறைவு.

ஸ்டுடியோக்காரருக்கு ஒரு விஷயத்தில் தனிப் பேர் இருந்தது. மூடின கண்ணைத் திறந்துவைப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. பள்ளிக்கூடத்தில் ஐம்பது பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி எடுத்தால் எப்படியும் நாலு பேர் கண்ணைச் சிமிட்டியிருப்பார்கள். ஆறு படம் எடுத்து வைத்துக்கொள்வார். ஒன்றில் மூடியிருக்கிற கண்ணை இன்னொன்றிலிருந்து எடுத்து, கம்ப்யூட்டரில் ஒட்டு தெரியாமல் வைத்துவிடுவார். பெற்ற தாயே கண்டுபிடிக்க மாட்டாள். ஆனால் அதிலும் ஒரு நியாயம் வைத்திருந்தார். அவரவர் கண்தான் அவரவருக்கு. "ஒருத்தர் கண்ணை இன்னொருத்தருக்கு வெக்கறது பாவம். அது போட்டோ இல்ல, பொய்" என்பார்.

அப்பேர்ப்பட்டவர், கோடையின் நடுவில் ஒரு புதன்கிழமை மத்தியானம், தன் சொந்த மகளுக்கு வேறொருத்தி கண்ணை வைத்துக்கொண்டிருந்தார்.

மகளுக்கு இருபத்துமூன்று வயது. பிறந்தபோதே தலைமயிர் வெள்ளை, தோல் வெள்ளை, இமைமயிர்கூட வெள்ளை. உடம்பில் நிறம் சுரக்கவில்லை என்று டாக்டர் சொன்னார். வெயில் ஆகாது, வெளிச்சம் கூசும், பார்வை கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும், மற்றபடி குழந்தை ஜம்மென்று இருக்கிறது என்றார். டாக்டர் வாக்கு பலித்தது. பெண் ஜம்மென்றுதான் வளர்ந்தாள். புத்தகத்தை மூக்கோடு ஒட்டிவைத்துப் படித்துக் கணக்கில் கெட்டிக்காரி ஆனாள். அகலமான தொப்பி, முழுக்கைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி, பையில் ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி, இவ்வளவையும் மாட்டிக்கொண்டு தனியாகவே ஊரெல்லாம் சுற்றி வருவாள். தெருவில் யாராவது முறைத்துப் பார்த்தால், "என்னங்க, வழி கேக்கணுமா?" என்று அவளே நின்று கேட்பாள். பார்த்தவர் ஓடிவிடுவார்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் தலைநகரத்து வானிலை அலுவலகத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. அதைக் கேட்டு அதிகம் சிரித்தவர் அவளுடைய தாய்மாமன். கம்பத்தில் ஏறி இறங்கும் எலக்ட்ரீஷியன், ஆறடிக்கு மேல் ஒரு பிடி உயரம், அக்காவைப் பார்க்காமல் ஒருநாள் இருக்கமாட்டார்.

"வெயில்ல நிக்க முடியாதவளுக்கு வெயிலை அளக்கற வேலையாடி? கொடுத்தவன் விவரமானவன்தான்."

"கம்பத்துல ஏறத் தெரிஞ்சவருக்கு மின்சாரத்தோட கணக்கு தெரியுமா மாமா? அது மாதிரிதான்" என்றாள் அவள்.

வேலைக்குச் சேருமுன் அடையாள அட்டைக்குப் படம் அனுப்பவேண்டும். கம்ப்யூட்டரில் ஏற்றினால் அதுவே பார்த்துச் சரி, சரியில்லை என்று சொல்லிவிடும். ஸ்டுடியோக்காரர் மகளுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். முதல் படம் போனது. இரண்டு நிமிஷத்தில் பதில் வந்தது: 'கண்கள் மூடியுள்ளன. வேறு படம் ஏற்றவும்.' விளக்குகளுக்கு முன்னால் துணியைக் கட்டி வெளிச்சத்தைக் குறைத்து இரண்டாவது எடுத்தார். அதே பதில். மூன்றாவது முறை, "ஒரே ஒரு நொடி, பல்லைக் கடிச்சுக்கிட்டுத் திற பாப்பா" என்றார். அவள் திறந்தாள். கண்ணிலிருந்து தாரைதாரையாய் நீர் கொட்டியது. படத்தில் இரண்டு சிவந்த கீற்றுகள்தான் இருந்தன. அதையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி கடைசி.

புதன்கிழமை மத்தியானம் ஸ்டுடியோக்காரர் மகளின் பழைய படங்களையெல்லாம் திறந்து, கண் திறந்த ஒன்றையாவது தேடினார். கிடைக்கவில்லை. ஒருமணி நேரம் தேடியபிறகு, மனைவியின் இருபத்துமூன்று வயதுப் படம் ஒன்றை எடுத்துக்கொண்டார். ஒரே சாடை, ஒரே அகலம். எடுத்து வைத்துச் சுற்றிலும் பூசி மெழுகினார். நிஜமாகவே அற்புதமான வேலை.

மூன்று மணிக்கு மாமன் டீயும் பன்னும் வாங்கிவந்தார். வெளியே தார்ரோடு கொதித்துக்கொண்டிருந்தது. மின்விசிறி சூட்டையே எடுத்துச் சூட்டின்மேல் ஊற்றியது. மாடியில் இருந்த வீட்டிலிருந்து மகள் இறங்கிவந்து, ஒரு பன்னைப் பிய்த்து டீயில் நனைத்தபடி, "ஆச்சாப்பா?" என்றாள்.

"ஆச்சு. பாரு."

அவள் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனாள். நனைத்த பன் கையிலேயே நின்றது.

"இது யாருப்பா?"

"இது என்ன கேள்வி? நீதான்."

பையிலிருந்து உருப்பெருக்கியை எடுத்துத் திரைமேல் வைத்துக் கொஞ்சங்கொஞ்சமாக நகர்த்திப் பார்த்தாள். "மூக்கு என்னோடது. வாய் என்னோடது. கண்ணு அம்மாவோடது."

கத்தரிக்கோல் நின்றது. "என்னங்க சொல்றா இவ?" என்றாள் மனைவி.

"அவசரத்துக்கு..." என்று ஆரம்பித்தார் ஸ்டுடியோக்காரர். "கடைசித் தேதி நெருங்கிடுச்சு. அந்தக் கம்ப்யூட்டருக்குத் தேவை ரெண்டு கண்ணு. யாரு கண்ணுன்னு அது கேக்கப் போறதில்ல."

"அது கேக்காதுப்பா. ஆபீஸ் வாசல்ல இருக்கறவர் கேப்பார். இந்தக் கார்டுல இருக்கற பொண்ணு எங்கம்மான்னு கேப்பார். எங்கம்மா வீட்டுல இருக்காங்க, கூட்டிட்டு வரவான்னு நான் கேக்கணுமா?"

மாமனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா முகத்தைப் பார்த்ததும் அதை டீயோடு விழுங்கிக்கொண்டார்.

"கண்ணு கருப்பா இருந்தா எடுப்பா இருக்கும்னுதான்..." என்று வாய்தவறி ஒரு வார்த்தை வந்துவிட்டது ஸ்டுடியோக்காரருக்கு. வந்தபிறகுதான் அதன் கனம் தெரிந்தது.

மகள் உருப்பெருக்கியைச் சட்டைநுனியில் துடைத்தாள். கோபம் வந்தால் குரலை உயர்த்துகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது, இறக்கிவிடுவாள்.

"சரி. அப்போ என் கண்ணு என்ன கலர்ப்பா?"

அவர் வாயைத் திறந்தார். "சாம்பல்" என்றார்.

"நீலங்க" என்றாள் மனைவி அதே நேரத்தில்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாமன் குனிந்து டீ டம்ளருக்குள் ஏதோ தேடினார்.

ஊரில் எந்தக் கடைக்காரருக்கு எந்தப் புருவத்தில் தழும்பு, எந்த வாத்தியாருக்கு இடது கண் சற்றுச் சின்னது என்று கேட்டால் ஸ்டுடியோக்காரர் யோசிக்காமல் சொல்வார். அவர் பிழைப்பே முகம்தான். இருபத்துமூன்று வருஷம் ஒரே கூரையின்கீழ், ஒரே தட்டில் ஊட்டி வளர்த்த பெண்ணின் கண்ணின் நிறம் அவருக்குத் தெரியவில்லை. சுருங்கிய இமைகளையும் கறுப்புக் கண்ணாடியையும்தான் அவர் பார்த்திருந்தார். அந்தச் சின்ன அறையில் ஒளிந்துகொள்ள ஒரு இடம்கூட இல்லை.

"அழிச்சிடறேன்ம்மா" என்றார். அழித்தார்.

"நாளைக்குச் சாயங்காலம் மொட்டைமாடிக்கு வாங்க" என்றாள் மகள். "ஆறு நாப்பத்தி ரெண்டுக்கு சூரியன் இறங்குது. ஆறு மணிக்கே வந்துடுங்க. நான் சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கறேன். அந்த நேரத்துல என் கண்ணு தானாத் திறந்துக்கும்."

"சூரியனைப் பாத்துக் கேமராவைப் பிடிச்சா முகம் கரிக்கட்டை ஆயிடும்மா. எடுக்கறவன் முதுகுலதான் வெயில் அடிக்கணும். இது தொழிலோட அரிச்சுவடி."

"உங்க அரிச்சுவடியில நான் இல்லையேப்பா" என்றாள். மீதிப் பன்னை வாயில் போட்டுக்கொண்டு படியேறிப் போய்விட்டாள்.

மனைவி ரொம்ப நேரம் எதையும் வெட்டவில்லை. பிறகு, "தினமும் ஆறு மணிக்குத் துணி எடுக்கப்போறேன்னு மேல போவா. அரைமணி நேரம் ஆகும். இவ்வளவு துணிக்கு என்னடி நேரம்னு நான்கூடத் திட்டியிருக்கேன்" என்று தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னாள்.

வியாழக்கிழமை காலையில் வழக்கம்போல ஆட்கள் வந்தார்கள். லாரி ஓட்டுகிறவர் ஒருவர் லைசென்ஸைப் புதுப்பிக்கவேண்டும் என்று வந்தார். ராத்திரி ஷிப்டு முடிந்து போகிற இரண்டு நர்ஸுகள் வந்தார்கள். கைக்குழந்தையோடு ஒரு தாய் வந்தாள். குழந்தை விளக்கைப் பார்த்ததும் கண்ணை இறுக்கிக்கொண்டு வீறிட்டது. ஸ்டுடியோக்காரர் ஒரு கணம் நின்று, விளக்குகளைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்தார். வெளிச்சம் சுவரில் பட்டு மெதுவாக வந்தது. குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தது. லாரிக்காரரின் கண் வெல்லப்பாகு நிறத்தில் இருந்தது. ஒரு நர்ஸுக்குக் கருவிழியைச் சுற்றி ஒரு மெல்லிய சாம்பல் வளையம். அன்றைக்கு அவர் யாரிடமும் தலையை நேராக வைக்கச் சொல்ல மறந்துபோனார். எல்லோர் கண்ணையும் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன சார், கண் ஆஸ்பத்திரி எதுவும் வெக்கப் போறீங்களா?" என்று லாரிக்காரர் கேட்டேவிட்டார்.

மூன்றரைக்கு மேற்கே ஒரு மேகம் வந்தது. ஸ்டுடியோக்காரர் கடைவாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்தார். நாலு மணிக்கும் பார்த்தார். நாலேகாலுக்குப் படியேறிப்போய் மகளிடமே கேட்டார்.

"பாப்பா, இந்த மேகம் நிக்குமா போகுமா?"

"காத்து கிழக்கேருந்து அடிக்குதுப்பா. அஞ்சரைக்குள்ள போயிடும். நீங்க போய்க் கடையைப் பாருங்க."

ஐந்தேகாலுக்கே போய்விட்டது. அவர் ஐந்தரைக்குக் கதவைப் பூட்டினார். அந்த நேரத்தில் அந்தக் கடை பூட்டி யாரும் பார்த்ததில்லை. பக்கத்து மருந்துக்கடைக்காரர் எட்டிப்பார்த்து, "யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று விசாரித்தார்.

மொட்டைமாடி நாளெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு அதைத் திருப்பிக் கக்கிக்கொண்டிருந்தது. மனைவி வாளி வாளியாகத் தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டினாள். தரை சீறியது. ஆவி கிளம்பியது. முதல் வாளி போன இடம் அவள் இரண்டாவதோடு வருமுன் காய்ந்திருந்தது. நாலாவது வாளிக்குப் பிறகுதான் வெறுங்காலை வைக்க முடிந்தது. மேற்கே வரிசையாக வீட்டுக்கூரைகள், தண்ணீர்த் தொட்டிகள், ஒரு செல்போன் டவர், அதற்கப்பால் பிள்ளைகள் பந்து விளையாடுகிற பொட்டல். அவர்கள் ஓடுகிற ஓட்டத்தில் கிளம்பிய புழுதி தரையிலிருந்து ஆளுயரத்துக்கு எழும்பித் தொங்கிக்கொண்டிருந்தது.

அடையாள அட்டைக்குப் பின்னணி வெள்ளையாக இருக்கவேண்டும். மாமன் துணிக்கொடியில் ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பைப் போட்டு, காற்றில் ஆடாதபடி கீழ்நுனிகளைக் காலால் மிதித்துக்கொண்டு, மேல்நுனி இரண்டையும் கைகளால் பிடித்தார். வெயில் விரிப்புக்குப் பின்னால் விழுந்தது. விரிப்பு முழுக்க ஒரு விளக்கைப்போல எரிந்து நின்றது. அவர் நிழல் மட்டும் ஒரு ஓரத்தில் சிலுவைபோல விழுந்தது.

"மச்சான், இன்னும் இடப்பக்கம் ஒதுங்கு. உன் தலை படத்துல வருது."

"என் தலை வந்தாத்தான் அத்தான் படத்துக்கே ஒரு களை."

மகள் விரிப்புக்கு முன்னால் வந்து நின்று தொப்பியைக் கழற்றினாள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்தாள். கண்கள் மூடியே இருந்தன. ஸ்டுடியோக்காரர் கையில் ஒரு வெள்ளைத் தெர்மோகோல் அட்டை வைத்திருந்தார். முதுகுப்பக்கத்து வெளிச்சத்தை அதில் வாங்கி முகத்துக்குத் திருப்பவேண்டும், இல்லாவிட்டால் முகம் இருண்டுவிடும். அதை மனைவியிடம் கொடுத்து நிற்கவேண்டிய இடத்தைக் காட்டினார்.

"கூசுதும்மா" என்றாள் மகள், கண்ணைத் திறக்காமலே. "ரெண்டடி பின்னால போங்க. இன்னும். இன்னும் ஒரு அடி. ஆங், அங்க. அங்கயே நில்லுங்க."

அட்டை எங்கே நிற்கவேண்டும் என்று அவர் சொன்னதை இதுவரை யாரும் திருத்தினதில்லை. கேமரா தானாகக் கூர்மை பார்க்கிற வேலையை நிறுத்திவிட்டு, லென்ஸின் வளையத்தைக் கையால் திருகினார். எதிர்வெயில் லென்ஸில் நேராக விழுந்தால் படம் பால் கொட்டினமாதிரி வெளுத்துவிடும் என்பதால் இடது கையை அதற்குமேல் கூரைபோலக் கவித்துக்கொண்டார். விரலெல்லாம் வியர்த்தது. இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு போட்டோ வருமா வராதா என்று தெரியாமல் நின்றார்.

"எப்ப வேணும்னாலும் திறம்மா. அவசரமில்ல."

அவள் திறந்தாள்.

பல்லைக் கடிக்கவில்லை, நெற்றி சுருங்கவில்லை. தூங்கி எழுகிற குழந்தை கண்ணைத் திறப்பதுபோல, அவ்வளவு சாதாரணமாகத் திறந்தாள். திறந்த கண் திறந்தபடியே இருந்தது. அவர் அழுத்தினார். நாலு படம், ஐந்து படம். தலையை நேராக வைத்து, தாடையை இறக்கி, கம்ப்யூட்டர் என்னென்ன கேட்குமோ அத்தனையும் கொடுத்து எடுத்தார். முகம் தெளிவாக வந்தது, பின்னணி சலவைக்கு வெளுத்தமாதிரி வந்தது. மறுநாள் காலையில் அதை ஏற்றினார்கள். ஒரு நிமிஷத்துக்குள் பச்சையில் ஒரு குறி விழுந்தது. அடுத்த மாதம் அந்த அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அவள் வேலைக்குப் போனாள். ஆனால் அந்த வியாழக்கிழமை மாடியில் நின்றவர்கள் யாரும் பிறகு இந்தப் படத்தைப் பற்றிப் பேசினதே இல்லை.

"முடிஞ்சுதா அத்தான்? தோள்பட்டை கழண்டு விழுது" என்றார் மாமன்.

"முடிஞ்சுது, விடு."

மாமன் விட்டார். விரிப்பு சரிந்து கீழே விழுந்தது.

சூரியன் செல்போன் டவருக்குக் கீழே இறங்கி, கூரைகளுக்கு ஒரு முழம் மேலே பெரிதாகப் பழுத்து நின்றது. பொட்டலின் புழுதியைத் துளைத்துக்கொண்டு அந்த வெளிச்சம் நேராக மாடிக்கு வந்தது. மகள் நடுவில் நின்றாள். கேமராவை இறக்கப்போன ஸ்டுடியோக்காரரின் கை பாதியில் நின்றுவிட்டது.

ஊர் முழுக்க வெள்ளை என்று சொன்ன மயிர் அது. வெள்ளையாக இல்லை. ஒவ்வொரு இழையும் தனித்தனியாக எரிந்தது. தலையைச் சுற்றிலும், கழுத்தோரம் கலைந்து பறந்த இரண்டு மூன்று சுருள்களிலும், நெற்றிக்கு மேலே காற்று தூக்கிய மெல்லிய பூஞ்சை மயிரிலும் சூரியன் ஏறி உட்கார்ந்திருந்தது. காதுமடல்கள் உள்ளே ஓடுகிற ரத்தத்தோடு சிவந்து ஒளிவிட்டன. கன்னத்தின் ஓரத்தில், தொட்டால்கூடத் தெரியாத பூனைமயிர் ஒரு தங்கக் கோடாக ஓடியது. அவள் இமைமயிர்கள் எந்தப் படத்திலும் விழுந்ததில்லை, வெள்ளைத் தோலோடு வெள்ளையாகக் கலந்து காணாமல் போய்விடும். இப்போது இரண்டு கண்களுக்கு மேலும் அவை வரிசையாக, ஒன்று இரண்டு என்று எண்ணிவிடலாம் போல, நுனியில் நெருப்போடு நின்றன. அந்த நெருப்புக்கெல்லாம் நடுவில் முகம் மட்டும் நிழலில், குளிர்ச்சியாக, அமைதியாக இருந்தது.

நின்று அலுத்த மகள் உடம்பைத் தளர்த்தினாள். தலை தானாக வலதுபக்கம் சற்றுச் சாய்ந்தது. ஸ்டுடியோக்காரரின் வாய் பழக்கத்தில் திறந்தது. தலையை நேரா வை என்று ஆயிரம் தடவை அவளிடம் சொன்ன வாய். சொல்லுமுன் அதைப் பார்த்துவிட்டார்.

அவள் கண்கள் எப்போதும் லேசாக ஆடிக்கொண்டே இருக்கும். கூடவே பிறந்த ஆட்டம். தலை சாய்ந்ததும் ஆட்டம் நின்றுவிட்டது. இரண்டு கண்களும் அசையாமல் அவர்மேல் வந்து தங்கின.

"பாப்பா" என்றார். "உன் கண்ணு நின்னுடுச்சு."

"இப்படிச் சாய்ச்சா நிக்கும்ப்பா. இந்த இடத்துலதான் எனக்கு நல்லாத் தெரியும். நேரா வெச்சா ஆடும்."

"எப்பலேருந்து?"

"எப்பவுமே."

அவர் கேமராவைத் தூக்கினார். தாடையை இறக்கச் சொல்லவில்லை, சிரிக்கச் சொல்லவில்லை. அவள் சாய்த்த சாய்வுக்குத் தானும் சாய்ந்துகொண்டு, ஒரு காலை மடக்கி ஈரத்தரையில் மண்டியிட்டார். அவள் தலைக்குப் பின்னால் சூரியன் பாதி மறைகிறமாதிரி நகர்ந்தார். அழுத்தினார். மூச்சை விட்டுவிட்டு மறுபடியும் அழுத்தினார். சூரியன் அவள் தோளுக்கு இறங்கியது. அவரும் இறங்கினார்.

"ஏங்க" என்றாள் மனைவி. அட்டையைப் பிடித்தபடியே அவள் எப்போது முன்னால் வந்தாள் என்று யாருக்கும் தெரியாது. மகளுக்கு ஒரு கையெட்டும் தூரத்தில் நின்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீலம் இல்லீங்க இது."

"சாம்பலும் இல்ல" என்றார் அவர்.

வெளியோரத்தில் தண்ணீர் காய்ந்துகொண்டிருக்கிற தரையின் நிறம். அதற்குள் நூல்நூலாக வெளுத்த கோடுகள், சக்கரத்தின் ஆரக்கால்கள்போல நடுவை நோக்கி ஓடின. கண்மணியைத் தொடுகிற இடத்தில் அவை வைக்கோல் நிறத்துக்கு மாறின. அதற்குள்ளும் ஏதோ ஒரு ஊதா, இருக்கிறதா இல்லையா என்று சொல்லமுடியாதபடி, வந்துவந்து போனது.

"இந்தக் கலருக்குப் பேரு என்னங்க?"

"தெரியலையே."

"உங்களுக்கே தெரியலையா?"

"இதுவரைக்கும் நான் பாத்ததில்லம்மா" என்றார். ஊரில் பாதிப்பேரின் கண்ணைப் பார்த்த மனிதர் அதைச் சொன்னபோது மாமன் கேலிபேச வாயெடுத்துவிட்டு, பேசாமல் விரிப்பை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு கைப்பிடிச் சுவரில் சாய்ந்தார். மனைவி மகளின் கன்னத்தில் கை வைத்தாள். அவள் விரல்களின் ஓரமும் சிவந்து எரிந்தது.

"அப்பா, ஒண்ணு சொல்லவா?" என்றாள் மகள்.

"சொல்லும்மா."

"போட்டோ எடுக்கறப்ப நீங்க வாயைத் திறந்து வெச்சுக்கறீங்க."

மாமன் வெடித்துச் சிரித்தார். மனைவியும் சிரித்துவிட்டாள்.

"இல்லவே இல்ல."

"நெசமாப்பா. நாக்கு நுனிகூடத் தெரியுது. இப்பத்தான் பாக்கறேன்." அவள் சிரிக்கவில்லை. ஆசையாக, ஒன்றும் விட்டுப்போகாமல், பாடம் படிக்கிற மாதிரி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஸ்டுடியோவுல எனக்கு ரெண்டு விளக்கு தெரியும். நடுவுல கருப்பா ஒரு உருவம் தெரியும். அங்கேருந்து உங்க குரல் வரும். சின்ன வயசுலேருந்து போட்டோ எடுக்கற அப்பான்னா எனக்கு அதுதான். இப்ப வெயிலெல்லாம் உங்க மூஞ்சியில அடிக்குது. எல்லாம் தெரியுது. புருவம் ஒண்ணு நரைச்சிருக்கு. இடதுபக்கம். அது எப்பப்பா நரைச்சுது?"

அவர் கையை உயர்த்திப் புருவத்தைத் தொட்டுப் பார்த்தார். அவருக்கும் தெரியாது. எதிர்வெயில் அவர் கண்ணில் ஊசியாய்க் குத்தி நீர் வழிந்தது. எதனால் வழிகிறது என்று யாரும் கேட்கவில்லை, அவரும் துடைக்கவில்லை.

சூரியன் கடைசிக் கூரையைத் தொட்டது. விளிம்பு அமுங்கியது. பொட்டலில் யாரோ ஒரு தாய் பிள்ளையைக் கூப்பிட்டாள். தலையைச் சுற்றியிருந்த நெருப்பு முதலில் செம்பானது, பிறகு ரோஜா நிறமானது, பிறகு ஒவ்வொரு இழையாக அணைந்துகொண்டே வந்தது. ஸ்டுடியோக்காரர் லென்ஸின் மூடியை எடுத்து மாட்டினார்.

"வாங்க, கீழ போய்ச் சாப்பிடலாம். ஆறிப்போயிடும்" என்று மனைவி வாளியை எடுத்தாள். மகள் தொப்பிக்காகக் கையை நீட்டினாள்.

"இன்னும் கொஞ்ச நேரம் அங்கயே நில்லு பாப்பா" என்றார் அவர்.

"வெளிச்சம் போயிடுச்சேப்பா. இனிமே எப்படி எடுப்பீங்க?"

"எடுக்கலம்மா. பாக்கறேன்."

அவள் நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். தலையைத் தனக்கு வசதியான பக்கம் சாய்த்து, கண்ணை அகலத் திறந்து, அப்படியே நின்றாள். மனைவி வாளியைத் தரையில் கவிழ்த்துவைத்து அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.